விம் எடிட்டர்: வெளியே வருவதில் தொடங்கி ஒரு முழுமையான வழிகாட்டி

எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கணினிக்குள் டெர்மினல் வழியாக நுழையும் முறை) வழியாக ஒரு சர்வருக்குள் போகிறீர்கள். அங்கே மவுஸ் கிடையாது, மெனு கிடையாது. கன்ஃபிக் கோப்பு (அமைப்புகளை எழுதி வைக்கும் கோப்பு) ஒன்றில் ஒரே ஒரு எண்ணை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அல்லது கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் கமிட் செய்கிறீர்கள், அதாவது ஒரு மாற்றத்தைப் பதிகிறீர்கள். செய்தியை எழுதச் சொல்லி, இடது ஓரம் முழுக்க ~ குறிகளோடு ஏதோ ஒன்று திறந்துகொள்கிறது. குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளின் பட்டியலான கிரான்டேப்பைத் திருத்தப் போனாலும் பல இயந்திரங்களில் இதே கதைதான். திறந்திருப்பது விஐ என்ற டெக்ஸ்ட் எடிட்டர், அல்லது அதன் வளர்ந்த வடிவமான விம். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரத்திலேயே விஐ இடம்பெற்றிருக்கிறது. அதனால் எந்த லினக்ஸ் சர்வருக்குப் போனாலும் இந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

இதைக் கற்க வருகிறவர்களில் பலர் நூறு ஷார்ட்கட் அச்சிட்ட தாளை எடுத்து மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். அது வேண்டாம் என்பேன். விம்மின் கட்டளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பொருள் தருபவை. வினைகள் நாலைந்து, இடங்கள் பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் மீதியை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. நான்காவது, ஐந்தாவது படிகள்தான் இதன் உயிர்நாடி. அங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். விம்மின் கட்டளைகள் எல்லாம் ஆங்கில எழுத்துகள். அவற்றை ஒலிக்கும் விதத்திலேயே இங்கே எழுதுகிறேன்: ஐ, ஏ, ஓ, யு, டபிள்யூ என்று. தனியாகச் சொன்னால் சிறிய எழுத்து. "பெரிய ஜி" என்றால் ஷிஃப்ட்டோடு சேர்த்து. டி என்று வந்தால் எப்போதும் டெலிட்டில் முதலில் வரும் டி. பி மட்டும் இரண்டு உண்டு என்பதால் பேஸ்ட்-பி, பேக்-பி என்று பிரித்துச் சொல்கிறேன். எழுத்துகளுக்கு நடுவே நான் விடும் இடைவெளி படிக்கும் வசதிக்காக. தட்டும்போது சேர்த்தே தட்டுங்கள்.

படி 1: திறப்பது, வெளியேறுவது

உபுண்டு, டெபியன் என்றால் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விம்" போதும். உபுண்டுவில் ஏற்கெனவே விஐ என்ற பெயரில் ஒன்று இருக்குமே என்று கேட்கலாம். அது வசதிகள் குறைக்கப்பட்ட சிறு பதிப்பு. அதில் எழுதும்போது அம்புக்குறியை அழுத்தினால் கர்சர் நகராமல் ஏ, பி, சி, டி என்று எழுத்துகள் விழும். புதிதாக வருகிறவர்கள் விம்மே இப்படித்தான் என்று நினைத்து ஓடிவிடுவது இதனால்தான். முழுப் பதிப்பை நிறுவினால் அந்தத் தொல்லை போய்விடும். மேக்கில் விம் கூடவே வருகிறது. விண்டோஸில் கிட் நிறுவியிருந்தால் கிட் பேஷ் ஜன்னலுக்குள் விம் இருக்கும்.

டெர்மினலில் "விம்" என்று மட்டும் தட்டித் திறந்து பாருங்கள். முகப்பில் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லும் ஒரு வரி பல தடவை தெரியும். விம்மை எழுதிய நெதர்லாந்துக்காரர் பிராம் மூலெனார் இதற்கு விலை வைக்கவில்லை. பிடித்திருந்தால் உகாண்டாவின் கிபாலே பகுதிக் குழந்தைகளுக்காக இயங்கும் அமைப்புக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். 1991-இல் முதல் பதிப்பை வெளியிட்டவர், 2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி மறையும் வரை அதை வளர்த்துக்கொண்டே இருந்தார். நாம் தினமும் கை வைக்கும் ஒரு கருவிக்குப் பின்னால் இப்படி ஒருவர் இருந்தார் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

இப்போது வெளியேறுங்கள். எஸ்கேப் விசையை அழுத்தி, : தட்டி, கியூ தட்டி, என்டர். சிரிக்க வேண்டாம், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் விம்மிலிருந்து எப்படி வெளியே வருவது என்ற கேள்வியை 2017-க்குள்ளேயே பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்த்துவிட்டார்கள்.

நீங்கள் ஏதாவது மாற்றியிருந்தால் விம் வெளியே விடாது, சேமிக்கவில்லை என்று எச்சரிக்கும். மாற்றம் வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டுப் போகலாம் என்றால் ": கியூ !". சேமிக்க மட்டும் ": டபிள்யூ". சேமித்துவிட்டு வெளியேற ": டபிள்யூ கியூ". பெரிய இசட்டை இரண்டு தடவை தட்டினாலும் சேமித்து வெளியே வந்துவிடும். கிட் கமிட் செய்தி எழுதும்போது மட்டும் இன்னொன்று உதவும்: ": சி கியூ". விம் பிழைக் குறியீட்டோடு வெளியேறுவதால் கிட் அந்தக் கமிட்டையே கைவிட்டுவிடும். மனம் மாறிப் பின்வாங்க இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

படி 2: மோட் என்றால் என்ன

விம்மைத் திறந்ததும் எழுத்துகளைத் தட்டினால் திரையில் வராது. காரணம், நீங்கள் நார்மல் மோடில் இருக்கிறீர்கள். இங்கே ஒவ்வொரு விசையும் ஒரு கட்டளை. எழுத வேண்டுமானால் இன்செர்ட் மோடுக்குப் போக வேண்டும்; எழுதி முடித்ததும் எஸ்கேப் தட்டித் திரும்ப வேண்டும்.

எதற்கு இந்தச் சுற்று என்று தோன்றலாம். ஒரு நாளில் நீங்கள் எடிட்டரில் என்ன செய்கிறீர்கள் என்று கவனித்துப் பாருங்கள். புதிதாக எழுதுவது கொஞ்சம்தான். படிப்பது, தேடுவது, இங்கிருந்து அங்கே தாவுவது, ஒரு சொல்லை மாற்றுவது, ஒரு வரியை இடம் மாற்றுவது, இவைதான் அதிகம். அந்த வேலைகளுக்காக விசைப்பலகை முழுவதையும் ஒதுக்கித் தருவதுதான் நார்மல் மோட். ஆகவே நார்மல்தான் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதப் போய்விட்டு உடனே திரும்பி வந்துவிடுங்கள். எந்த மோடில் இருக்கிறோம் என்று குழப்பம் வந்தால் எஸ்கேப். நார்மலில் இருக்கும்போதே எஸ்கேப் தட்டினாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

எழுதப் போக சில வாசல்கள் உண்டு. ஐ தட்டினால் கர்சருக்கு முன்னால், ஏ தட்டினால் கர்சருக்குப் பின்னால் எழுதலாம். பெரிய ஐ வரியின் தொடக்கத்துக்கும் பெரிய ஏ வரியின் முடிவுக்கும் கொண்டுபோய் விடும். ஓ கீழே ஒரு புது வரியைத் திறக்கும், பெரிய ஓ மேலே திறக்கும். இவற்றில் பெரிய ஏவும் ஓவும் மற்றவற்றைவிட அதிகம் பயன்படும்.

பயிற்சிக்கு ஒரு கோப்பு வேண்டும். "விம்" என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, நீங்கள் விரும்பும் கோப்புப் பெயரைக் கொடுத்துத் திறந்து, ஐ தட்டி, இந்தப் பட்டியலை எழுதுங்கள். ஆங்கில எழுத்திலேயே தட்டிக்கொள்ளலாம்.

பால் 2 லிட்டர்
சர்க்கரை 1 கிலோ
காபித்தூள் (ஃபில்டர்) 250 கிராம்
துவரம்பருப்பு 1 கிலோ
நல்லெண்ணெய் 1 லிட்டர்
உளுந்து 2 கிலோ

முடித்ததும் எஸ்கேப், ": டபிள்யூ", என்டர்.

படி 3: நகர்வது

எச் இடப்பக்கம், ஜே கீழே, கே மேலே, எல் வலப்பக்கம். ஏன் இந்த நான்கு? 1976 வாக்கில் பில் ஜாய் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் விஐயை எழுதியபோது அவர் பயன்படுத்தியது லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ டெர்மினல். அதில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை இல்லை, இந்த நான்கு எழுத்துகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. எஸ்கேப் விசையும் இன்று டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. 300 பாட் மோடம் வழியாக நொடிக்குச் சுமார் 30 எழுத்துகள்தான் திரைக்கு வரும். அந்த வேகத்தில் வேலை பார்க்க வேண்டியிருந்ததால்தான் கட்டளைகள் ஒற்றை எழுத்தாகச் சுருங்கின. அந்தச் சிக்கனம் இன்று நமக்கு வேகமாகக் கைகொடுக்கிறது.

ஆனால் இந்த நான்கு விசைகளிலேயே நின்றுவிடாதீர்கள். எல் விசையை இருபது தடவை தட்டி வரியின் கடைசிக்குப் போவதில் ஒரு லாபமும் இல்லை. பெரிய தாவல்களைப் பழகுங்கள்:

டபிள்யூ அடுத்த சொல்லின் தொடக்கத்துக்கும், பேக்-பி முந்தைய சொல்லின் தொடக்கத்துக்கும், ஈ சொல்லின் கடைசி எழுத்துக்கும் போகும். 0 வரியின் தொடக்கம், $ வரியின் முடிவு. ஜி ஜி கோப்பின் முதல் வரி, பெரிய ஜி கடைசி வரி. 42 என்று தட்டிப் பெரிய ஜி தட்டினால் 42-ஆவது வரி. கம்பைலர் ஏதாவது ஒரு வரி எண்ணைச் சொல்லித் திட்டும்போது இதுதான் முதலில் கைக்கு வரும். கன்ட்ரோல் டி அரைத் திரை கீழே, கன்ட்ரோல் யு அரைத் திரை மேலே. % தட்டினால் ஓர் அடைப்புக்குறியிலிருந்து அதன் ஜோடிக்குத் தாவும்.

ஒரே வரிக்குள் தாவ எஃப் அருமையானது. எஃப் தட்டி ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த வரியில் அடுத்து அந்த எழுத்து வரும் இடத்தில் கர்சர் நிற்கும். காபித்தூள் வரியின் தொடக்கத்தில் நின்றுகொண்டு "எஃப் (" தட்டிப் பாருங்கள், கர்சர் நேராக அடைப்புக்குறியின் மேல் போய் நிற்கும். அதே எழுத்து அடுத்து எங்கே என்று தேட ; போதும்.

படி 4: வினையும் இடமும்

விம்மை விம் ஆக்குவது இங்கேதான் தொடங்குகிறது. முதலில் மூன்று வினைகள். டி அழிக்கும், சி அழித்துவிட்டு உடனே எழுத விடும், ஒய் காப்பி எடுக்கும். இந்த எழுத்தைத் தட்டியதும் ஒன்றும் நடக்காது. விம் காத்திருக்கும்: எதுவரை? அதற்குப் பதிலாக மூன்றாம் படியில் பார்த்த எந்தத் தாவலையும் கொடுக்கலாம்.

டி டபிள்யூ: அடுத்த சொல் தொடங்கும் இடம் வரை அழி. டி $: வரியின் முடிவு வரை அழி. டி பெரிய ஜி: இந்த வரியிலிருந்து கோப்பின் முடிவு வரை அழி. ஒய் ஈ: சொல்லின் முடிவு வரை காப்பி எடு. சி எஃப் ): மூடும் அடைப்புக்குறி வரை அழித்துவிட்டு எழுத விடு. இவற்றில் எதையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. புதிதாக ஒரு தாவலைக் கற்றால் அதை ஒவ்வொரு வினையோடும் சேர்த்துக்கொள்ளலாம். புதிதாக ஒரு வினையைக் கற்றால் தெரிந்த தாவல்கள் எல்லாம் அதற்கும் வேலை செய்யும்.

வினையை இரண்டு தடவை தட்டினால் முழு வரி என்று பொருள். டி டி வரியை அழிக்கும், ஒய் ஒய் வரியைக் காப்பி எடுக்கும், சி சி வரியைத் துடைத்துவிட்டு எழுத விடும். முன்னால் எண் போட்டால் அத்தனை: 3 டி டி மூன்று வரிகள்.

பட்டியலில் செய்து பாருங்கள். பால் வரியில் நின்று டி டி. வரி போய்விட்டது, ஆனால் அழித்தது தொலைந்துபோவதில்லை, விம் அதைக் கையில் வைத்திருக்கிறது. ஜே தட்டி ஒரு வரி கீழே போய்ப் பேஸ்ட்-பி தட்டுங்கள். பால் இப்போது காபித்தூளுக்குக் கீழே. ஆக, டி என்பது உண்மையில் கட். பெரிய பேஸ்ட்-பி தட்டினால் கீழே விழாமல் மேலே விழும். டி டி தட்டி உடனே பேஸ்ட்-பி தட்டினால் இரண்டு வரிகள் இடம் மாறிக்கொள்ளும்.

இங்கே ஒரு சிக்கல் எல்லாருக்கும் வரும். ஒரு வரியை ஒய் ஒய் தட்டி எடுத்துவைக்கிறீர்கள், வேறெங்கோ போய் வேண்டாத வரியை டி டி தட்டி அழிக்கிறீர்கள், அப்புறம் பேஸ்ட் செய்தால் அழித்த வரி வந்து விழுகிறது. காப்பி எடுத்தது பத்திரமாகத்தான் இருக்கிறது. " 0 தட்டிவிட்டுப் பேஸ்ட்-பி தட்டுங்கள், அது வந்துவிடும். 0 என்ற பெயருள்ள ரிஜிஸ்டரில் (விம் எடுத்துவைக்கும் பெட்டி) கடைசியாகக் காப்பி எடுத்தது மட்டும் இருக்கும். அழித்தவை அங்கே போகாது.

இன்னொரு நுணுக்கம்: டி டபிள்யூ சொல்லோடு அதற்குப் பின்னுள்ள இடைவெளியையும் அழிக்கும். சி டபிள்யூ இடைவெளியைத் தொடாது. விதிப்படி பார்த்தால் முரண்தான். ஆனால் ஒரு சொல்லை மாற்றி எழுதும்போது அடுத்த சொல் வந்து ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதே நமக்கு வேண்டியது.

தவறாகப் போய்விட்டால் யு தட்டினால் அன்டூ, கன்ட்ரோல் ஆர் தட்டினால் ரீடூ. ஒரு தடவை இன்செர்ட் மோடுக்குப் போய் எஸ்கேப் தட்டித் திரும்பும் வரை எழுதியதெல்லாம் ஒரே அன்டூவில் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். நீளமாக எழுதும்போது ஒவ்வொரு பத்திக்கும் ஒரு எஸ்கேப் தட்டிக்கொள்வது நல்ல பழக்கம். எங்கே கெட்டது என்றே தெரியவில்லையா? ": எர்லியர் 10எம்" என்று தட்டினால் பத்து நிமிடத்துக்கு முன் கோப்பு எப்படி இருந்ததோ அப்படி ஆக்கிவிடும்.

படி 5: உள்ளே இருப்பதைப் பிடிப்பது

நான்காம் படியில் ஒரு குறை இருக்கிறது. டி டபிள்யூ கர்சர் நிற்கும் இடத்திலிருந்துதான் அழிக்கும். சொல்லின் நடுவில் நின்றால் பாதிச் சொல் தங்கிவிடும். இதற்குத் தீர்வுதான் டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட்.

வினைக்குப் பிறகு ஐ சேர்த்தால் உள்ளே இருப்பது, ஏ சேர்த்தால் சுற்றியிருப்பதோடு சேர்த்து. டி ஐ டபிள்யூ: கர்சர் சொல்லின் எந்த எழுத்தில் நின்றாலும் அந்தச் சொல் முழுவதும் போகும். டி ஏ டபிள்யூ: சொல்லோடு பக்கத்து இடைவெளியும் போகும். டி ஏ பேஸ்ட்-பி: பத்தி முழுவதும் போகும். காபித்தூள் வரியில் "எஃப் (" தட்டி அடைப்புக்குறிக்குப் போய் "சி ஐ (" தட்டுங்கள். அடைப்புக்குறிகள் அப்படியே நிற்க, நடுவில் இருந்த ஃபில்டர் மறைந்து, எழுதத் தயாராக இருப்பீர்கள். இன்ஸ்டன்ட் என்று எழுதி எஸ்கேப்.

இதன் அருமை கன்ஃபிக் கோப்பில்தான் தெரியும். இப்படிச் சில வரிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்:

முகவரி = "10.0.0.5"
போர்ட் = "8080"
நிலை = "சோதனை"

போர்ட் வரியின் தொடக்கத்தில் கர்சர் இருக்கிறது. சி ஐ " தட்டுங்கள். மேற்கோள் குறிகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. அந்த வரியில் அடுத்து வரும் மேற்கோளை விம்மே கண்டுபிடித்து, உள்ளே இருந்த 8080-ஐ எடுத்துவிட்டு, கர்சரை அங்கே நிறுத்தும். 9090 என்று எழுதி எஸ்கேப். மொத்தம் எட்டே தட்டல்கள். "போர்ட் வரியில் மேற்கோளுக்குள் இருப்பதை மாற்று" என்று மனதில் நினைத்ததை அப்படியே கை செய்து முடிக்கிறது. இது பழகிவிட்டால் பேக்ஸ்பேஸை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் வேலைக்கு யாரும் திரும்பிப் போக மாட்டார்கள்.

படி 6: புள்ளி, தேடல், மாற்றல்

கடைசியாகச் செய்த மாற்றத்தை . திரும்பச் செய்யும். மேலே சொன்ன சி ஐ " மாற்றத்தைச் செய்தபின் இன்னொரு போர்ட் வரிக்குப் போய் . தட்டினால் அங்கேயும் 9090 ஆகிவிடும்.

தேட / தட்டி, தேடும் சொல்லை எழுதி, என்டர். என் அடுத்த இடத்துக்கும் பெரிய என் முந்தைய இடத்துக்கும் போகும். கர்சர் ஏற்கெனவே அந்தச் சொல்லின் மேல் இருந்தால் * போதும், தட்டி எழுதவே வேண்டாம்.

இரண்டையும் சேருங்கள். "/8080" தேடி, சி டபிள்யூ தட்டி 9090 எழுதி எஸ்கேப். பிறகு என் தட்டிப் பார்க்கிறீர்கள். மாற்ற வேண்டிய இடமென்றால் . தட்டுகிறீர்கள், இல்லையென்றால் மறுபடி என். சர்வர் கோப்புகளில் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றுவதைவிட இந்த முறையையே நான் விரும்புகிறேன்.

மொத்தமாகவும் மாற்றலாம்:

: % எஸ்/கிலோ/கிலோகிராம்/ஜி சி

% என்றால் கோப்பு முழுவதும், எஸ் என்றால் மாற்று, கடைசியில் வரும் ஜி ஒரே வரியில் பல தடவை வந்தாலும் மாற்றச் சொல்கிறது, சி ஒவ்வொன்றுக்கும் உங்களைக் கேட்கச் சொல்கிறது. சியை விட்டுவிட்டால் கேட்காமல் மாற்றும். கோப்புப் பாதைகளை மாற்றும்போது / குழப்பும். அதற்குப் பதில் # போட்டுப் பிரித்தாலும் விம் ஏற்றுக்கொள்ளும்.

எண்களுக்கு ஒரு சிறிய வசதி: பட்டியலின் பால் வரியில் நின்று கன்ட்ரோல் ஏ தட்டினால் 2 லிட்டர் 3 லிட்டர் ஆகும். கன்ட்ரோல் எக்ஸ் ஒன்று குறைக்கும்.

படி 7: கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

வி தட்டினால் எழுத்து எழுத்தாக, பெரிய வி தட்டினால் வரி வரியாகத் தேர்ந்தெடுக்கலாம். இதுதான் விஷுவல் மோட். தேர்ந்தெடுத்தபின் டி, சி, ஒய் எதையும் தட்டலாம்; > தட்டினால் உள்ளே தள்ளும்.

கன்ட்ரோல் வி வேறு மாதிரி: செங்குத்தாகக் கட்டம் கட்டித் தேர்ந்தெடுக்கும். கன்ஃபிக் கோப்பில் ஐந்து வரிகளைக் கமென்ட் ஆக்க (நிரல் கண்டுகொள்ளாமல் விடும்படி செய்ய) வேண்டும் என்றால், முதல் வரியின் தொடக்கத்தில் கன்ட்ரோல் வி, 4 ஜே, பெரிய ஐ, # தட்டி, எஸ்கேப். # முதலில் ஒரு வரியில் மட்டும்தான் தெரியும். எஸ்கேப் தட்டியதும் ஐந்து வரிகளிலும் வந்துவிடும். விண்டோஸ் டெர்மினலில் கன்ட்ரோல் வி பேஸ்ட் ஆகிவிடும் என்பதால் அங்கே கன்ட்ரோல் கியூ.

இன்னும் சிக்கலான, திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கு மேக்ரோ உண்டு. கியூ ஏ தட்டினால் ஏ என்ற பெயரில் பதிவு தொடங்கும், வேலையை ஒரு வரியில் செய்து ஜே தட்டிக் கீழே இறங்கி, கியூ தட்டினால் நிற்கும். பிறகு 5 @ ஏ என்றால் ஐந்து தடவை ஓடும். இதற்கு இப்போதே அவசரம் இல்லை.

மாட்டிக்கொள்ளும் இடங்கள்

திரை உறைந்துவிட்டது, எதைத் தட்டினாலும் அசைவில்லை: சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோல் எஸ் தட்டியிருப்பீர்கள். பழைய டெர்மினல்களில் அது வெளியீட்டை நிறுத்தும் சைகை. கன்ட்ரோல் கியூ தட்டினால் உயிர் வந்துவிடும்.

விம் திடீரென்று காணாமல் போய் டெர்மினல் வந்துவிட்டது: கன்ட்ரோல் இசட் பட்டிருக்கும். விம் பின்னணியில் தூங்குகிறது. டெர்மினலில் எஃப் ஜி என்று தட்டி என்டர் கொடுங்கள், விட்ட இடத்திலேயே திரும்பும்.

வரிகள் தானாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன: கேப்ஸ் லாக். பெரிய ஜே என்றால் அடுத்த வரியை இழுத்துச் சேர்ப்பது. கேப்ஸ் லாக்கை அணைத்து, யு தட்டிச் சரிசெய்யுங்கள்.

கீழே ரெக்கார்டிங் என்று வருகிறது: தெரியாமல் மேக்ரோ தொடங்கிவிட்டீர்கள். நார்மல் மோடில் கியூ தட்டினால் நிற்கும்.

எந்தக் கட்டளையும் வேலை செய்யவில்லை, ஆனால் கோப்பு தமிழில் இருக்கிறது: விசைப்பலகை தமிழ்99-இலோ வேறு தமிழ் அமைப்பிலோ நிற்கும். நார்மல் மோடுக்கு ஆங்கில எழுத்துகள்தான் போக வேண்டும். எஸ்கேப் தட்டியதும் ஆங்கிலத்துக்கு மாற்றும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கு ஏற்றுங்கள். தமிழ் எழுத்துகளின் மேல் கர்சர் கொஞ்சம் தள்ளி நிற்பது போலத் தெரிந்தால் அது பெரும்பாலும் உங்கள் டெர்மினலும் எழுத்துருவும் செய்யும் வேலை, கோப்பு கெட்டுவிடவில்லை.

சேமிக்க அனுமதி இல்லை என்கிறது: நிர்வாகி உரிமை வேண்டிய கோப்பைச் சாதாரணப் பயனராகத் திறந்திருக்கிறீர்கள். எழுதியதை இழக்காமல் ": டபிள்யூ" தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் ஹோம் டைரக்டரியில் வேறு பெயர் கொடுத்துச் சேமித்து, பிறகு சூடோவோடு உரிய இடத்துக்குக் காப்பி செய்யுங்கள். அடுத்த தடவை "சூடோஎடிட்" கட்டளையால் திறந்தால் இந்தச் சிக்கல் வராது.

கடைசியாக, பயமுறுத்தும் அந்த எச்சரிக்கை. கோப்பைத் திறந்ததும் ஸ்வாப் கோப்பு இருக்கிறது என்று ஒரு பெரிய செய்தி வரும். நீங்கள் திருத்தும் ஒவ்வொரு கோப்புக்கும் விம் பக்கத்திலேயே ஒரு மறைகோப்பை வைத்து, சேமிக்காத மாற்றங்களை அவ்வப்போது அதில் எழுதிக்கொண்டே இருக்கும். அது மிச்சம் இருந்தால் இரண்டு காரணங்கள்தான். ஒன்று, அதே கோப்பை இன்னொரு ஜன்னலில் நீங்களோ, சர்வரில் வேறொருவரோ இப்போது திறந்து வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த விம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று செய்தியிலேயே இருக்கும். கியூ தட்டி வெளியே வந்துவிடுங்கள். இரண்டு, முந்தைய தடவை எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்திருக்கிறது. அப்படியானால் ஆர் தட்டி மீட்டெடுங்கள், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், சேமியுங்கள். பிறகு மறுபடி திறக்கும்போது டி தட்டி அந்த மறைகோப்பை அழித்துவிடுங்கள். செய்தியைப் படிக்காமலேயே அழிப்பதுதான் இதில் ஆபத்து. அரை மணி நேர உழைப்பு அதற்குள் இருக்கலாம்.

உங்களுக்கென்று சில அமைப்புகள்

ஹோம் டைரக்டரியில் .விம்ஆர்சி என்ற கோப்பை உருவாக்கி அதில் அமைப்புகளை எழுதினால் ஒவ்வொரு தடவையும் அவை அமலாகும். இணையத்தில் கிடைக்கும் முந்நூறு வரிக் கோப்பைக் காப்பி எடுக்காதீர்கள். விசைகளின் பொருளையே அது மாற்றி வைத்திருக்கும். நீங்கள் கற்றது அடுத்த சர்வரில் வேலை செய்யாது. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்:

சோர்ஸ் $விம்ரன்டைம்/டிஃபால்ட்ஸ்.விம்
செட் நம்பர்
செட் எச்எல்சர்ச்
செட் இக்னோர்கேஸ் ஸ்மார்ட்கேஸ்
செட் எக்ஸ்பேண்ட்டேப் ஷிஃப்ட்விட்த்=4

இவற்றை ஆங்கில எழுத்தில், செட் தவிர மற்றவற்றை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும். முதல் வரியில் $ குறிக்குப் பின் வரும் பெயர் மட்டும் பெரிய எழுத்துகளில். அந்த முதல் வரியை விட்டுவிடாதீர்கள். சொந்தமாக விம்ஆர்சி இல்லாதவரை விம் தன் இயல்பான நல்ல அமைப்புகளை ஏற்றிக்கொள்ளும்; நீங்கள் ஒன்றை உருவாக்கியதும் அதை நிறுத்திவிடும். புதிய கோப்பு எழுதியதும் வண்ணங்கள் மறைந்துவிட்டன என்று பலர் குழம்புவது இதனால்தான். நான்காவது வரி, சிறிய எழுத்தில் தேடினால் பெரிய எழுத்தையும் சேர்த்துத் தேடும், பெரிய எழுத்து ஒன்று கலந்து தேடினால் அப்படியே தேடும்.

மேற்கொண்டு கற்க

டெர்மினலில் "விம்டியூட்டர்" என்று ஒரே சொல்லாகத் தட்டுங்கள். பயிற்சிக் கோப்பு ஒன்று விம்மிலேயே திறக்கும். படித்துக்கொண்டே அதே கோப்பில் செய்து பார்க்கலாம். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்த வழிகாட்டியைப் படித்த அன்றே ஒரு தடவையும், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவையும் செய்தால் கை பழகிவிடும்.

சந்தேகம் வந்தால் இணையத்துக்கு ஓடும் முன் விம்மின் உள்ளேயே கேளுங்கள். ": ஹெல்ப்" தட்டி, இடைவெளி விட்டு, கட்டளையை எழுதினால் அதற்கான பக்கம் திறக்கும். இணைப்புள்ள சொல்லின் மேல் நின்று கன்ட்ரோல் ] தட்டினால் உள்ளே போகலாம், கன்ட்ரோல் ஓ தட்டினால் திரும்பலாம், ": கியூ" தட்டினால் மூடலாம். ஒரே விசைக்கு மோடைப் பொறுத்து வேறு வேறு வேலை இருக்கும் என்பதால், இன்செர்ட் மோட் கட்டளையைத் தேடும்போது அதற்கு முன்னால் ஐயும் ஓர் அடிக்கோடும், விஷுவல் மோட் கட்டளைக்கு வியும் ஓர் அடிக்கோடும் சேர்த்துத் தேடுங்கள்.